பல்செட்டுக்காரர் கறுப்பு வண்டியைக் கழுவிய ஐந்து நாள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் பல்செட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மின் கட்டண அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவு அறையில், முப்பத்தொரு வருஷமாகப் பொய்ப்பல் செய்துகொண்டிருக்கிறார். முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர். அந்த வாய்க்குள் போகப்போவதைச் செய்வது இவர். வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் கைவேலைதான். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் இவரைக் கண்டால் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

பல்செட்டு வேலையில் கடைசிக் கட்டம் மெருகு. ஈரம் சேர்த்த கல்தூளைப் பூசி, சுழலும் துணிச் சக்கரத்தில் காட்டிக் காட்டித் தேய்க்க வேண்டும். அரம் பட்ட கோடெல்லாம் கரைந்து, கடைசியில் பிளாஸ்டிக் ஈறு நிஜ ஈறு மாதிரி மின்னும். இதிலிருந்து அவர் வாழ்க்கைக்கென்று ஒரே ஒரு தத்துவத்தை எடுத்துவைத்திருந்தார்: எந்தக் கீறலும் தேய்த்தால் போகும். முப்பத்தொரு வருஷம் அந்தத் தத்துவம் அவரைக் கைவிடவில்லை. பொய்ப்பல்லைத் தாண்டி அவர் அதை வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் காரணம்.

வெளியே எடுக்க வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் தன் அம்மாவுடன் போனில் பேசினாள். அப்பாவுடன் பேசி ஐந்து மாதம் ஆகிறது. பேசி முடித்ததும் பல்செட்டின் மனைவி, கட்டிலில் சாய்ந்தபடியே, தலைப்புச் செய்தி வாசிப்பதுபோல விஷயத்தைச் சொன்னார். அவர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். கணவரையும் இருபத்தெட்டு வருஷமாகத் திருத்தி வருகிறார். முதல் பக்கமே இன்னும் முடியவில்லை என்பது அவர் கருத்து.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வராளாம். பத்து நாள் இருப்பாளாம். வரதுக்கு ஒரு டிக்கெட்டு. போறதுக்கு ரெண்டு."

"ரெண்டாவது யாருக்கு?"

"உங்களுக்குன்னு நெனச்சீங்களா?"

பல்செட்டு கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். வைக்க அங்கே மேஜை இல்லை. தரையைத் துடைத்து முடித்த பிறகு மனைவி மீதியையும் வாசித்தார்: "வண்டிய எப்படி வச்சிருக்காருன்னு பாத்தாலே போதும், உன்ன எப்படி வச்சிருக்காருன்னு தெரிஞ்சிடும்னு சொல்றா."

மகளின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி மனைவி இரண்டு வருஷம் கேட்டார். இரண்டு வருஷமும் பல்செட்டு "வச்சிடலாம்" என்றே சொல்லிவந்தார். மறுத்தவர் என்று யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து மாதத்துக்கு முன்பு மனைவி ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். அதற்கடுத்த வாரமே பல்செட்டு குளியலறையில் நான்கு கைப்பிடி பொருத்தினார். கப்பலில்கூட அத்தனை இருக்காது.

அதன்பிறகு அவர் ஆள் மாறித்தான் போயிருந்தார். காலையும் மாலையும் மனைவியை நடக்க வைக்க வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது, துணையில்லாமல் ஓர் அடியும் கூடாது என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் எச்சரித்திருந்தாள். அதன்படி மனைவி நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடப்பார். பல்செட்டு பின்னால் ஒரு கையை நீட்டியபடியே வருவார். "தொடாதீங்க, ஆனா அங்கயே இருங்க" என்பது மனைவியின் உத்தரவு. அவர் முதுகுக்கும் இவர் உள்ளங்கைக்கும் எப்போதும் இரண்டு விரல் இடைவெளி. மூன்று மாதமாக ஒருவேளை தவறியதில்லை. அதை யாரும் மகளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது.

மனைவி போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு தட்டு. ஒரு தலையணை. தப்பாகப் பேசினால் தப்பென்று சொல்ல ஆளில்லாத வாய். ஊருக்கே பல் கட்டியவர், பேச ஆளில்லாமல் தன் பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போக உனக்கு இஷ்டமா என்று மனைவியைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. வண்டியைப் போய்ப் பார்க்கத்தான் தோன்றியது.

வண்டி கறுப்பு. மகள் வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம் ஆசையாக வாங்கிய கார். மூன்று வருஷத்துக்கு முன்பு வெளிநாடு கிளம்பும்போது வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நிறுத்தி, சாம்பல் நிறக் கவர் போட்டு மூடி, வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டுப் போனாள். பல்செட்டுக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை தோறும் ஓட்டுநர் பக்கத்துக் கவரை மட்டும் தூக்கி, கூடாரத்துக்குள் புகுகிற சர்க்கஸ்காரர்போலக் குனிந்து உள்ளே போய், பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கவரின் மீதிப் பாகத்தைத் தூக்கிப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. அவரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்தார். கவரை உருவியதும் உள்ளேயிருந்து வந்தது கறுப்பு வண்டி இல்லை. சாம்பல் பூசிய எதுவோ. கூரைக்கு மேல் கவர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகப் பறவைகள் மூன்று வருஷம் தங்கள் கருத்தைப் பதிவு செய்திருந்தன. பக்கத்து வீட்டு மரம் பிசின் சொட்டி, கண்ணாடி மணிபோல இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, வண்டி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். காற்றடிக்கும்போதெல்லாம் கவர் அசைந்திருக்கிறது. கவருக்கு அடியில் தூசி இருந்திருக்கிறது. காப்பாற்றப் போட்ட துணியே மூன்று வருஷமாக வண்டியை அரைத்திருக்கிறது.

பல்செட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். படுக்கையறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தது. மனைவி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்கால நடைக்கு நேரமாயிற்று என்று நினைவுபடுத்தினார்.

"நாளைக்குச் சேத்து நடந்துக்கலாம்."

"நடையச் சேத்து வைக்க அது என்னங்க, உண்டியலா?"

அவர் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் உள்ளே இடமில்லை.

புதன்கிழமை டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டு, உச்சி வெயிலில், பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் பழைய பனியனையும் வைத்துக்கொண்டு வண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்தைத் தேய்த்து மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கத்துச் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்தது. அதைப் போக்க மறுபடி தேய்த்தார். பனியன் ஒருமுறை மண்ணில் விழுந்தது. உதறிவிட்டு அதாலேயே தொடர்ந்தார். அப்போது மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

பக்கத்து வீட்டு டாக்சிக்காரம்மாவின் தலை அது. சொந்த டாக்சி, சொந்த ஓட்டு, கருநீல வண்டி. பதினாறு வருஷமாக ஓட்டுகிறார். அந்த வண்டியில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்று தெருவில் சொல்வார்கள். சிலர் போட்டும் இருக்கிறார்கள்.

"அண்ணே, வண்டியக் கழுவுறீங்களா, வறுக்குறீங்களா?"

வெயிலில் தகடு சுடும்போது தண்ணீரும் சோப்பும் ஒட்டிக்கொள்ளும், நிழல் வந்த பிறகுதான் கழுவ வேண்டும், அந்தப் பனியனை முதலில் தூரப் போட வேண்டும் என்றெல்லாம் மதிலுக்கு மேலிருந்தபடியே சொன்னார். சவாரி காத்திருந்ததால் பாதியில் போய்விட்டார். போகும்போது சொன்ன கடைசிச் சொல் மட்டும் பல்செட்டின் மனதில் தங்கியது: "வெள்ளை வண்டி பொய் சொல்லும்ணே. கறுப்பு சொல்லாது. தொட்டா தொட்டேன்னு காட்டிக் குடுத்துடும்."

அன்றைக்கும் நடை இல்லை. மாலையில் மனைவி பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் திறந்து வைக்கச் சொன்னார். எதற்கு என்று பல்செட்டு கேட்கவில்லை. பயணப் பெட்டியை எதற்கு இறக்குவார்கள்? இறக்கினார், தூசி தட்டினார், திறந்து வைத்தார். அது அறை மூலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவருக்கு வாய்களைப் பார்த்துப் பழக்கம். இப்படி ஒரு வாயை அவர் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை, அந்தப் பெட்டியைப் பார்த்தபடி கண் விழித்த மனிதன் என்ன செய்வான்? தன் தத்துவத்தை நம்புவான். நேராக வேலை அறைக்குப் போய், ஒரு டப்பா கல்தூளும், மெருகுத் துணியும், தான் பொய்ப்பல் இடுக்குகளைத் தேய்க்க வைத்திருக்கும் பிரஷ்கள் ஒரு கட்டும் எடுத்துவந்தார். பானட்டின் நடுவில் கீறல் அதிகமிருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, தூளை ஈரமாக்கிப் பூசி, முப்பத்தொரு வருஷத் தேர்ச்சியோடு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை அழகு. கீறல் ஒன்றில்லை; கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல ஆழமான கறுப்பு. மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிடப் போனார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஓரத்திலிருந்து ஈரம் காயத் தொடங்கியது. காய்ந்த இடமெல்லாம் வெளுத்தது. ஒரு நிமிஷத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு சாம்பல் நிலா பானட்டில் உதித்து நின்றது.

தண்ணீர் ஊற்றினார்: கறுப்பு. காய்ந்தது: நிலா. மறுபடி ஊற்றினார். இப்படிப் பதினைந்து முறை ஊற்றியிருப்பார். நடுவில் ஒரு கட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை மகள் வரும் நேரம் பார்த்து வாளியோடு வண்டி பக்கத்தில் நின்று, அவள் இருக்கும் பத்து நாளும் அந்த இடத்தைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் என்ன என்றுகூட யோசித்தார். இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. யோசித்தவர் சிரிக்கவில்லை.

மதியம் டாக்சிக்காரம்மா வந்து நிலாவைப் பார்த்தார். கேலி வாயில் வராத அளவுக்கு இருந்தது நிலைமை. என்ன போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். பல்செட்டு டப்பாவைக் காட்டினார்.

"பல்லுல எவ்ளோ தேச்சாலும் உள்ளயும் அதே பல்லுதாண்ணே இருக்கும். இங்க அப்படி இல்ல. மேல ஒரு தோலு. காகிதத்தவிட மெல்லிசு. அதுக்கு அடியிலதான் கலரு. நீங்க தோலத் தேச்சுட்டீங்க."

"போயிடுச்சா?"

"முழுசாப் போகல. இனிமே அழுத்தித் தேச்சா போயிடும்."

பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனால் நான்கு நாளாகும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்கூட இல்லை. பல்செட்டு ஒரு யோசனை சொன்னார்: வண்டியைத் திருப்பி, பானட்டு உள்பக்கச் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்திக் கொடுத்தால் என்ன? டாக்சிக்காரம்மா மறுத்துவிட்டார். மகள் வாசலைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போன வண்டி, அவள் வரும்போது சுவரைப் பார்த்து நின்றால், தப்பு செய்து மூலையில் நிறுத்தப்பட்ட பிள்ளையைப் பார்த்ததுபோல முதலில் அதைத்தான் பார்ப்பாள் என்பது அவர் வாதம். பிறகு தன் வண்டி டிக்கியிலிருந்து சாமான்களை எடுத்துவந்து மதில்மேல் வரிசையாக வைத்தார். பல்செட்டு ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், மனைவி கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு, ஊன்றுகோலைக் கையில் பிடித்து, தயாராக உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். வியாழனும் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை வேலை முறையாகத் தொடங்கியது. வெயில் ஏறும் முன்பே நிறைய தண்ணீர் அடித்துத் தூசியை இறக்க வேண்டும். தூசியோடு துணி வைத்தால் அது துணி இல்லை, உப்புத்தாள். வாளி இரண்டு. ஒன்றில் வண்டிக்கென்றே விற்கிற ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். வண்டியைத் தொட்ட கையுறை வெறும் தண்ணீரில் அலசப்படாமல் ஷாம்புக்குத் திரும்பக்கூடாது. கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக்கூடாது, நேர்கோடு. முப்பத்தொரு வருஷமாக வட்டம் போட்ட கை அது. தன்னை அறியாமல் வளையும். ஒவ்வொரு முறை வளையும்போதும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "அண்ணே, கோலம் போடாதீங்க" என்று குரல் வரும்.

கழுவிய பிறகு பிசின். ஈரமான களிமண் உருண்டை மாதிரி ஒன்றை வழவழவென்று வழுக்கவிட்டு, ஒட்டியிருப்பதை எல்லாம் இழுத்தெடுக்க வேண்டும். அந்த வேலையில் பல்செட்டின் விரல் மற்றவர்களைவிடக் கெட்டி. கண்ணுக்குத் தெரியாத துருத்தலைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல். ஈறில் உறுத்தும் என்று வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே அரத்தை எடுக்கிற விரல். முன்விளக்கின் ஓரம், கதவு இடுக்கு, எண் பலகையின் எழுத்துகளுக்கு நடுவில் எல்லாம் பிரஷ்ஷை விட்டு அவர் அழுக்கை எடுத்ததைப் பார்த்து டாக்சிக்காரம்மாவே மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "எங்க வண்டிக்கும் ஒரு நாள் வந்து பல் வெளக்கி விடுங்கண்ணே" என்றதோடு சரி.

அன்று மாலை மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். கால் கட்டை மாதிரி இருக்கிறது, பிடித்துவிட முடியுமா? பல்செட்டு கையைப் பார்த்தார். முழங்கை வரை பிசினும் அழுக்கும். கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவருக்கு, குளியலறையில் நான்கு கைப்பிடிகளுக்கு நடுவில் நின்று கை கழுவும்போது, பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் ஓர் இடம் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. அதைத் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது மனைவி தூங்கிப்போயிருந்தார். அல்லது கண்ணை மூடியிருந்தார்.

சனிக்கிழமை முழுக்க மெருகு. மிக மெல்லிய பாலிஷ், அதுவும் கையாலேயே, ஓர் அடிக்கு ஓர் அடி. நிலாவின் மேல் நான்கே முறை, அதற்கு மேல் கூடாது. மாலையில் அது கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஆகியிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்து பார்த்தால் தெரியும். மகள் சாய்ந்து பார்க்கிற ரகம்.

கடைசியாகக் காப்புப் பூச்சு. மெழுகு மாதிரி ஒன்றை மெல்லிசாகப் பூசி, துடைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். நாளை மதியம் வரை ஒரு விரல்கூடப் படக்கூடாது. பட்டால் பட்ட இடம் பதிந்துவிடும். டாக்சிக்காரம்மா இதை மூன்று முறை சொல்லிவிட்டு, மறுநாள் மகளை அழைத்து வரத் தானே டாக்சியில் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பல்செட்டு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். வண்டி மறுபடி கறுப்பாகியிருந்தது. அதில் வானம் தெரிந்தது, மதில் தெரிந்தது, ஐந்து நாள் சவரம் செய்யாத ஓர் ஆள் தெரிந்தார். அந்த ஆளுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அவர் பார்த்தது வண்டியின் பளபளப்பை.

ஞாயிற்றுக்கிழமை அவர் விழித்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. கூடத்து நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். அறைக்குள் மனைவி கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவசர அவசரமாகக் குளித்து, சட்டை மாற்றி, புதுத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்.

கதவுக்கு வெளியே ஊன்றுகோல் நின்றுகொண்டிருந்தது.

அது ஏன் இங்கே நிற்கிறது என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. சந்து குறுகல், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அந்த நான்கு காலும் நுழையாது. அப்புறம் வண்டியைப் பார்த்தார்.

கறுப்பில் கைகள். பின்விளக்குக்கு மேலே ஒரு முழு உள்ளங்கை. ஒரு முழம் தள்ளி அடுத்தது. டிக்கியைத் தாண்டி, மதில் பக்கமாக, கதவு, கதவு, முன்பக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கைகள் வண்டியைச் சுற்றிப் போயிருந்தன. ரேகையும் மோதிரத் தடமும்கூடத் தெரிந்தன. நிலா இருந்த இடத்தில் இரண்டு கையும் அகலமாகப் பதிந்திருந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கமாகத் திரும்பி வந்து, கதவு நிலையையும் சுவரையும் பிடித்தே உள்ளே போயிருக்கிறது.

அவர் கையிலிருந்த துணி தானாகவே முதல் தடத்தை நோக்கிப் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்சி வந்துவிடும். நேர்கோட்டில் துடைத்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒன்றைத் துடைக்கக் குனிந்தார். குனிந்தபோதுதான் பின்கதவில் இருந்ததைப் பார்த்தார்.

அது தடம் இல்லை, இழுவை. ஐந்து விரலும் கண்ணாடிக்கு அடியிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சாண் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்து, கதவின் கைப்பிடியில் போய் நின்றிருந்தன. அவர் ஐந்து நாள் பாடுபட்டு வழவழப்பாக்கிய இடம் அது. ஈ உட்கார்ந்தாலும் சறுக்கும் என்று நேற்று பெருமைப்பட்ட இடம்.

துணி எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே ஓடினார். மனைவியின் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டு முழங்காலை, கணுக்காலை, இடுப்பைத் தொட்டுத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத துருத்தலைத் தேடுகிற விரலால் தேடினார்.

"விழல," என்றார் மனைவி. "கைப்பிடி கெடச்சுது. உங்க மக வண்டில நாலு இருக்குங்க. நீங்க வைக்காமலே."

வெளியே டாக்சியின் ஹாரன் கேட்டது. கேட் திறந்தது. பெட்டிச் சக்கரம் சந்து வரை உருண்டு வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், மகள் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் தன் கையை, படாமல், பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். பின்கதவு வந்ததும் நின்றாள். கீழே கிடந்த துணியையும் பார்த்தாள்.

உள்ளே வந்தவள் அம்மாவின் தலையைத் தொட்டுவிட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"தூங்கிட்டேன்." மண்டியிட்டபடியே சொன்னார். ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருவேளைகூட நடக்க வைக்கவில்லை என்பதையும், கால் பிடித்துவிடக் கேட்டதையும் செய்யவில்லை என்பதையும், கவரை முழுசாகத் தூக்கிப் பார்க்காத மூன்று வருஷத்தையும் சொன்னார். கடைசியில், யாரும் கேட்காமலே, பல்லுக்குப் போடும் பொடியை பானட்டில் போட்டதையும் சொன்னார்.

"வண்டிய யாருப்பா கேட்டா?"

"நீதான சொன்ன. வண்டியப் பாத்தாலே தெரிஞ்சிடும், அம்மாவ எப்படி வச்சிருக்கேன்னு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

பிழை திருத்துகிறவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையில் மாட்டிக்கொண்டார். ஆனாலும் குரல் தாழவில்லை. "நீ சொல்லல. நான் ஒரு வரி சேத்தேன். மூணு வருஷமா அந்த அழுக்குக் கவர் ஜன்னல மறச்சிட்டிருந்துச்சு. அஞ்சு மாசமா நான் பாத்தது அது ஒண்ணுதான். எடுக்கச் சொன்னா எடுத்திடலாம்பார். அதான் உன் பேரச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, கணவரைப் பார்த்துச் சொன்னார்: "வண்டியத் தொடைப்பீங்கன்னு தெரியும். என்னை மறப்பீங்கன்னு தெரியாது."

மகள் மூலையில் திறந்துகிடந்த பெட்டியைக் காட்டி, அதில் அம்மாவின் துணியை அடுக்கலாமா என்று கேட்டாள். அது பயணத்துக்கு இறக்கியதில்லை, நீ கொண்டுவரும் சாமான்களை வைக்க இறக்கியது என்றார் அம்மா. மகள், டிக்கெட்டை நினைவுபடுத்தினாள்.

"நான் என்ன வண்டியா? நீ எடுத்துட்டுப் போறதுக்கும், இவர் கவர் போட்டு மூடறதுக்கும்? எனக்கு எது இஷ்டம்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

இரண்டு பேரும் ஒரே மாதிரி தலை குனிந்தார்கள். அப்பாவும் மகளும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கேளுங்க," என்றார்.

மகள் கேட்டாள். பல்செட்டும் கேட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"பத்து நாள் இருக்கில்ல. யோசிச்சுச் சொல்றேன்."

ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. காலையில் மனைவி கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பல்செட்டு நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் வேண்டாம், கூடத்தில் நடந்து சலித்துவிட்டது, வண்டியைச் சுற்றி வரலாம் என்றார் மனைவி. மகள் ஜன்னலில் நின்றாள். பல்செட்டு பின்னால் கையை நீட்டினார். இரண்டு விரல் இடைவெளி.

பின்விளக்கிலிருந்து ஆரம்பித்து, நேற்றைய தடங்களின் மேலேயே கை வைத்து நடந்தார் மனைவி. பூச்சு காய்ந்துவிட்டதால் அவை அப்படியே இறுகிப் போயிருந்தன. இழுவை இருந்த கதவு வந்தபோது பல்செட்டின் இடைவெளி ஒரு விரலாயிற்று. "தொடாதீங்க" என்று குரல் வந்தது. மறுபடி இரண்டாயிற்று.

பானட்டுக்கு வந்ததும் மனைவி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மங்கிய வட்டத்தைத் தடவினார்.

"வண்டி முழுக்க வழுக்குதுங்க. இந்த எடத்துல மட்டும்தான் நல்லாப் பிடி கெடைக்குது."

அப்போது தூறல் விழுந்தது. பத்திருபது சொட்டு, அவ்வளவுதான். உடனே நின்று வெயில் அடித்தது. கறுப்புத் தகட்டின் மேல் சொட்டுகள் முத்து முத்தாய் நின்றன. உடனே துடைக்காவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையமாகக் காய்ந்துவிடும். அது பல்செட்டுக்கு இப்போது நன்றாகத் தெரியும். துணி கதவுக்குப் பக்கத்தில், எட்டுகிற தூரத்தில் கொடியில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். மனைவியும் அவர் பார்த்ததைப் பார்த்தார்.

"இன்னொரு சுத்து போலாமா?"

"போலாம்," என்றார் பல்செட்டு. சொட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கை அங்கேயே இருந்தது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.